மஞ்சள் நட்டுவிட்டுக் கிளம்புங்கள்

கேள்வி: எனக்கு வயது 28. கோபி பக்கம் ஊர். இரண்டு ஏக்கர் மஞ்சள், மூன்று மாடு. அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து பண்ணயம் முழுக்க நான்தான். ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த நண்பன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பைக்கில் லடாக் போவது எங்கள் இருவருக்கும் பத்து வருட ஆசை. வரும் தையில் அவனுக்குக் கல்யாணம், அதனால் இந்த ஜூனிலேயே போயாகணும் என்கிறான். "பாக்கலாம் மாப்ளே" என்றே நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். "நீ ஊரை விட்டு வரவே மாட்டே" என்று சொன்னவன் இப்போது போன் எடுப்பதில்லை. செலவு ஆளுக்கு நாற்பதாயிரம் ஆகும், அது வேறு. நான் செய்வது தப்பா?

பதில்: தம்பி, "அது வேறு" என்று தாண்டிப் போனீர்களே, அங்கேதான் எனக்குக் கண் நின்றது. விதை மஞ்சள், நடவு ஆள் கூலி, அப்பாவின் மருந்து என்று கை காய்ந்து கிடக்கிற மாதத்தில் நாற்பதாயிரம் எங்கிருந்து வரும்? இதை அவனிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். பண்ணயத்தைக் காரணம் காட்டியிருப்பீர்கள், அவன் "ஆள் வெச்சுக்கோ" என்றிருப்பான், அதோடு பேச்சு நின்றிருக்கும்.

எனக்குப் பொள்ளாச்சியில் ஒரு தோழி இருந்தாள். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் பஸ்ஸில் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் "வேலை இருக்கு" என்றேன். மாமியாரிடம் கேட்கப் பயம் என்பதுதான் நிஜம், அதைச் சொல்ல வெட்கம். அவளோடு போக எனக்கு இஷ்டமில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். நாலாவது முறை கூப்பிடவில்லை. இருபது வருடம் ஆகிறது, இன்னமும் வலிக்கிறது.

அதனால் போனில் வேண்டாம், நேரில் போய்ப் பேசுங்கள். பணம் இல்லை, அப்பாவை விட்டு வரப் பயமாக இருக்கிறது, ஆனாலும் எனக்கு வரணும், இந்த மூன்றையும் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் இருவரும் இப்படியே இருப்பீர்களா என்ற பயம் அவனுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். அவசரப்படுவது அதனால்தான்.

அப்புறம் நாள் விஷயம். ஜூன் உங்களுக்கு நடவுக் காலம், அசைய முடியாது, அதில் நீங்கள் செய்வது தப்பே இல்லை. செப்டம்பர் எப்படி? ஆகஸ்ட் 15 வாக்கில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கிணறும் ஊறும், களை எடுத்து மண் அணைத்துவிட்டால் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டுவதுதான் பெரிய வேலை, அதைப் பங்காளிகளில் ஒருவர் பார்த்துக்கொள்வார். ஜூலை, ஆகஸ்டில் போகிற வழியில் இமாச்சலில் மழையும் மண்சரிவுமாக இருக்கும், செப்டம்பரில் அது குறையும். அங்கே மணாலியிலிருந்து லடாக்கின் பெரிய ஊரான லே போகிற பாதையும் பொதுவாக அந்த மாதம் முழுக்கத் திறந்திருக்கும். தைக்கு முன்னால் திரும்பிவிடலாம், பணம் சேர்க்க மூன்று மாதமும் கிடைக்கும்.

அவனுக்கு ஜூனில்தான் லீவு என்றால் போகட்டும், மனதார வழியனுப்புங்கள். ஆனால் நீங்கள் கேட்கும் முன்னாலேயே அவன் மாட்டேன் என்பான் என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் அப்பாவிடம் நீங்களே கேளுங்கள். பதினைந்து நாள்தான், பால் கறக்க இன்னார் வருவார், ராத்திரி துணைக்கு இன்னார் படுத்துக்கொள்வார் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். அவர் எடுத்த எடுப்பில் போ என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கோவையிலிருந்தே ஓட்டணும் என்று அடம் பிடிக்காமல் பைக்கை டெல்லி வரை ரயில் பார்சலில் போட்டால் போக வர எத்தனையோ நாள் மிச்சம். டேங்கில் பெட்ரோலைச் சுத்தமாக எடுத்துவிட்டுக் கொடுக்கணும். லே 11,500 அடி உயரம், அந்த உயரத்துக்கு உடம்பு பழகணும், போய் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா படுத்திருங்கள், இருவரும்.