பல வருசம் நிகோடின் ஏறினால் மூளையின் நொதிகள் கெடுமா? விட்டால் சரியாகுமா?

ஒரு நொதி குறையுதுங்க, விட்டால் சரியாகுது. ஆனால் கேள்வியிலேயே ஒரு திருத்தம்: குறைப்பது நிகோடின் இல்லை, புகை.

1996-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜோனா ஃபௌலர் குழுவினர் புகைப்பவர்களின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். மோனோஅமைன் ஆக்சிடேஸ் பி என்கிற நொதி 40 சதவீதம் குறைவு. பழக்கத்தை விட்டவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. இன்ப உணர்வைத் தூண்டுற டோபமின் என்கிற மூளை ரசாயனத்தைச் சிதைக்கும் நொதி இது. நிகோடின் டோபமினைச் சுரக்க வைக்குது, புகையிலுள்ள வேறு பொருள்கள் இந்த நொதியை முடக்குது. ஒருத்தன் மடையைத் திறக்க, இன்னொருத்தன் வடிகாலை அடைக்கிற கதை. குறைஞ்ச நொதி பழைய அளவுக்கு உடனே திரும்பாது. அதுக்கு வாரக்கணக்காகும், ஒரு ராத்திரி சிகரெட்டைத் தொடாமல் இருந்தால் ஒன்றும் மாறாது.

அப்போ நிகோடின் நேரடியாக என்ன செய்யுது? அந்தியூர் பக்கம் எங்க அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவோட அப்பாவுக்கு, போயிலைத் தோட்டம். லீவில் போனால் விடியக்காலை செடியில் சிம்பு (பக்கத் துளிர்) ஒடிக்க விடுவார். இலையெல்லாம் பனி ஈரம், விரலெல்லாம் கருப்புப் பிசின். பத்து மணிக்குத் தலை சுத்தி, வாந்தி. "வெறும் வயித்துல போனியா சாமி?" என்று அம்மிச்சி மோர் கொடுக்கும். தோல் வழியாக ஏறிய நிகோடின் அது. நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்கிற ரசாயனம், நரம்பணுவில் ஏற்பி என்கிற இடத்தில் போய் உட்காரும்; அதை ஒரு நொதி கண்ணிமைக்கும் முன் உடைத்துவிடும். அதே ஏற்பியில் போய் உட்காரும் நிகோடினை அதால் உடைக்க முடியாது. வருசக்கணக்கில் இப்படி நடந்தால் ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிப்போகும். விட்ட பிறகு சில வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கும்.

நான் திருப்பூரில் நைட் ஷிப்டில் பழகி, பன்னிரண்டு வருசம் இழுத்தவன். விட்ட மூணாவது வாரம் ஊறுகாய் பாட்டில் மூடி சரியாகத் திருகவில்லை என்று மனைவியிடம் கத்தினேன். அப்போ இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் காலண்டரைப் பார்த்துப் பல்லைக் கடிச்சிருப்பேன். மூணு மாசத்தில் அடங்கிருச்சு.

"நான் புகையவே உள்ள விடலையே கண்ணு, எனக்கென்ன?" என்றார் அப்பிச்சி, கன்னத்தில் போயிலையை ஒதுக்கிக்கொண்டே. அந்தக் கன்னத்துக்குள் இருந்த வெள்ளைத் திட்டை ஈரோட்டில் டாக்டரிடம் காட்டுவதற்கு நான் ரெண்டு மாசம் கெஞ்ச வேண்டியிருந்தது.