கரவனுக்குக் காப்புறுதி: 460 பவுணா, 240 பவுணா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் ஹரோவில் வசிக்கிறோம். லிங்கன்ஷயர் கடற்கரையில், மேபிள்தோர்ப்புக்குப் பக்கத்திலுள்ள ஒரு கரவன் பார்க்கில், ஓரிடத்திலேயே நிறுத்தி விடுமுறை வீடாகப் பயன்படுத்தும் ஒன்பது வருடப் பழைய கரவன் ஒன்றை 24,000 பவுணுக்கு வாங்கினோம். பார்க் நிர்வாகமே வருடத்துக்கு 460 பவுணுக்குக் காப்புறுதி தந்தது. போன வாரம் கையெழுத்தும் வைத்துவிட்டோம். இணையத்தில் 240 பவுணுக்குக் கிடைக்கிறது என்று இப்போது என் மச்சாள் சொல்கிறாள். வெளியில் எடுத்தால் பார்க்குக்கு 50 பவுண் சரிபார்ப்புக் கட்டணம் கட்ட வேண்டுமாம். பள்ளி விடுமுறைகளில் சொந்தக்காரர்கள் வந்து தங்கி, கிழமைக்கு 200 பவுண் தருவார்கள். எதை எடுப்பது?

பதில்: கார் காப்புறுதியைப் போலக் கரவனுக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் பிரித்தானியாவில் இல்லை. கட்டாயப்படுத்துவது பார்க்குடன் நீங்கள் போட்ட ஒப்பந்தம்தான். எனவே முதலில் அதை எடுத்து, என்னென்ன காப்பு இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள் எனப் பாருங்கள். பொதுப் பொறுப்புக் காப்புக்கு 20 இலட்சம் பவுண் கேட்பார்கள். சில பார்க்குகள் 50 இலட்சம் கேட்கும். உங்கள் கரவனின் எரிவாயு வெடித்துப் பக்கத்துக் கரவன் எரிந்தால் கைகொடுப்பது இதுதான்.

அடுத்து நான் உங்களிடம் கேட்க விரும்புவது: அந்த 24,000 பவுணில் கரவனின் விலை எவ்வளவு, அது நிற்கும் இடத்தின் விலை எவ்வளவு? நிலம் உங்களுடையதல்ல. அங்கே நிறுத்தி வைக்கும் அனுமதிக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அதே மாதிரிக் கரவன் விற்பனையாளரின் முற்றத்தில் பாதி விலைக்கே கிடைக்கக்கூடும். மச்சாள் சொல்லும் 240 பவுண் காப்புறுதி பெரும்பாலும் ‘சந்தை விலை’ வகையாகத்தான் இருக்கும்; அதாவது கரவனின் அன்றைய பழைய விலையைத்தான் தருவார்கள். புயலில் கரவன் முற்றாக நொறுங்கினால் அவர்கள் எந்தச் சந்தையின் விலையைத் தருவார்கள்? பார்க்கில் நிற்கும் கரவனின் விலையையா, முற்றத்தில் நிற்பதன் விலையையா? தொலைபேசியில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கரவன் அழிந்தால் புதியதன் விலையைத் தரும் ‘பழையதற்குப் புதியது’ வகையில் வேறொரு பொறி உண்டு. நீங்கள் கொடுத்த 24,000 பவுணையே காப்புத் தொகையாக எழுதிவிட்டால், அதே அளவிலான புதிய கரவன் 60,000 பவுண் விற்கும்போது உங்கள் காப்பு ஐந்தில் இரண்டு பங்குதான். குறைவாகக் காப்பிட்டால் அதே விகிதத்தில் குறைப்போம் என்ற வாசகம் பத்திரத்தில் இருந்தால், கூரை பெயர்ந்து 6,000 பவுண் சேதமானாலும் கைக்கு வருவது 2,400 பவுண்தான். எக்சஸ் தொகை, அதாவது ஒவ்வொரு இழப்பிலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் பங்கு, அதிலும் கழியும்.

நொறுங்கிய கரவனை அள்ளிப்போட்டு, புதியதைக் கொண்டுவந்து நிறுத்தி, தண்ணீர், மின்சாரம், எரிவாயு இணைக்கவும் ஆயிரக்கணக்கில் செலவாகும். இந்தச் செலவு காப்பில் அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவான பத்திரங்களில் விடுபடுவது பெரும்பாலும் இதுதான்.

இனி குளிர்காலம். என்னிடம் கணக்குப் பார்க்க வரும் ஒருவர் மார்ச் மாதம் தன் கரவனைத் திறந்தபோது, கம்பளத்தில் வைத்த கால் சேற்றில் புதைவதுபோலப் புதைந்ததாம். கொதிகலன் வெடித்திருந்தது, குசினி அலுமாரிகளின் அடிப்பலகைகள் பாணைப்போல ஊதியிருந்தன. நவம்பரில் வெளிக்குழாயை மூடிவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் குழாய்களுக்குள் நின்ற தண்ணீரை வடிக்கவில்லை. உறையும்போது தண்ணீர் விரிகிறது, குழாய் பிளக்கிறது. அவருடைய பத்திரத்தில் நவம்பர் முதல் மார்ச் நடுப்பகுதிவரை கரவனில் ஆளில்லாவிட்டால் தண்ணீரை முற்றாக வடித்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நிறுவனம் ஒரு சதமும் தரவில்லை. பார்க்கிலுள்ள ஆட்களைக் கொண்டு வடித்து ரசீது வாங்கியிருந்தால் கதை வேறு. நீங்கள் அந்த ரசீதை ஒவ்வொரு வருடமும் வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சொந்தக்காரர்கள் தரும் 200 பவுணுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும், நிறுவனத்தின் கண்ணில் அது வாடகை. கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் கொடுக்காமல் நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டம். ‘வாடகைக்கு விடுகிறீர்களா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று குறித்தால், பெரியம்மாவின் மகன் அடுப்பை மூட மறந்து தீப்பிடிக்கும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும். வாடகைக்கு விடுபவர் வருடாந்த எரிவாயுப் பாதுகாப்புச் சோதனையும் செய்விக்க வேண்டும்.

மேபிள்தோர்ப் என்றீர்கள். 1953 ஜனவரி 31ஆம் திகதி இரவு கடல் உள்ளே வந்த ஊர்களில் அதுவும் ஒன்று; அந்த இரவில் இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். வெள்ளக் காப்பு விலக்கப்பட்ட பத்திரம் அந்தக் கரையில் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம். வெள்ளத்துக்கும் புயலுக்கும் தனியான, பெரிய எக்சஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நகை? தாலிக்கொடியைக் கரவனில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். பல பத்திரங்கள் நகையையும் காசையும் விலக்கியே வைத்திருக்கின்றன.

உங்கள் கணக்குக்கு வருவோம். உண்மையான வித்தியாசம் 220 பவுண் அல்ல. 50 பவுண் கட்டணம் போக 170. இணைய நிறுவனத்திடம் வாடகை, வெள்ளம், அகற்றி மீள நிறுத்தும் செலவு மூன்றையும் சேர்த்து, 12 சதவீதக் காப்புறுதி வரியோடு புதிய விலை கேளுங்கள். 380 பவுணுக்குள் வந்தால் நான் அங்கே போவேன். தாண்டினால் பார்க்கின் பத்திரத்திலேயே இருப்பேன், அதிலும் இந்த மூன்றும் இருந்தால். உங்களுடையது பழைய கரவன் என்பதால் சந்தை விலைக் காப்பு எனக்குப் போதும். ஆனால் முற்றாக அழிந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பார்க்கை விட்டுப் போக மனம் இருக்க வேண்டும். ஏனென்றால் அங்கேயே இருக்க வேண்டுமானால் புதிய கரவனைத் தன்னிடமே வாங்கச் சொல்லும் பார்க்குகள் உண்டு.

கையெழுத்து வைத்துவிட்டோமே என்று தயங்க வேண்டாம். பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம். காப்பில் இருந்த நாட்களுக்குரிய தொகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். ஒரு கிழமை போய்விட்டது. புதியது தொடங்கும் திகதியை உறுதிப்படுத்திய பிறகே பழையதை நிறுத்துங்கள்.