எலெக்டரின் மனசாட்சி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரையில், எலெக்டர்கள், அதாவது மக்கள் ஓட்டுப் போட்ட பிறகு ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் அதிபருக்கு முறைப்படி ஓட்டுப் போடுபவர்கள், தங்கள் மாநில மக்கள் போட்ட ஓட்டுப்படிதான் நடக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் டாலஸில் வசிக்கிறேன். 2016-ல் டிரம்ப் ஜெயித்த எங்கள் டெக்சாஸ் எலெக்டர்களில் இரண்டு பேர் அவருக்குப் போடவில்லை. அவர் கட்சியையே சேர்ந்த வேறு தலைவர்களில், ஒரு ஓட்டு ஜான் கேசிக்குக்கும் இன்னொன்று ரான் பாலுக்கும் போனது. பலர் அவர்களைத் துரோகிகள் என்றார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தகுதியில்லாத ஒருவர் மக்களை மயக்கி ஜெயித்துவிட்டால் தடுப்பதற்காகத்தானே அரசியல் சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹாமில்டன் போன்றவர்கள் இந்த ஏற்பாட்டையே ஆதரித்தார்கள்? யோசிக்கவே கூடாது என்றால் அந்த இடத்தில் ஒரு மனிதர் எதற்கு? ஜெயித்த வேட்பாளர் இடையில் இறந்துபோனால் என்ன செய்வார்கள்?

ர.
டாலஸ்

அன்புள்ள ர.,

ஹாமில்டனிலிருந்தே தொடங்கலாம். அரசியல் சாசனத்தை ஆதரித்து எழுதப்பட்ட பெடரலிஸ்ட் கட்டுரைகளில், 1788-ல் வந்த 68-வதைத்தான் உங்கள் பக்கம் நிற்பவர்கள் எல்லோரும் காட்டுகிறார்கள். விவரம் தெரிந்த சிலர் நிதானமாக ஆராய்ந்து அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவர் எழுதியது உண்மை. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. எலெக்டர்கள் ஓரிடத்தில் கூடக் கூடாது, அவரவர் மாநிலத்திலேயே கூடி ஓட்டுப் போட வேண்டும், அப்போதுதான் சூழ்ச்சிக்கும் கொந்தளிப்புக்கும் இடமிருக்காது என்கிறார். சரி, இன்றைய 538 பேர் ஐம்பது மாநிலத் தலைநகரங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் ஒரே நாளில் தனித்தனியாக ஓட்டுப் போட்டுவிட்டுக் கலைகிறார்கள். நியூயார்க்கின் தலைநகர் ஆல்பனியில் இருப்பவர் டெக்சாஸின் தலைநகர் ஆஸ்டினில் இருப்பவரிடம் எதை ஆராய்வது? நாட்டைக் காக்கும் சபை என்று பெயர் வைத்துவிட்டு, அது ஒருநாளும் ஒன்றாக உட்கார முடியாதபடியும் செய்துவிட்டார்கள்.

அந்தக் கனவு பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1796-ல் பென்சில்வேனியாவில் சாமுவேல் மைல்ஸ் என்பவர் பெடரலிஸ்ட் கட்சியின் எலெக்டராகத் தேர்வானார். அந்தக் கட்சியின் வேட்பாளர் ஜான் ஆடம்ஸுக்குப் போடுவார் என்று நம்பியிருந்தார்கள், அவர் எதிர்ப்பக்கத்து ஜெபர்சனுக்குப் போட்டார். அந்தக் கட்சிக்காரர் ஒருவர் கொதித்துப்போய்ப் பத்திரிகைக்கு எழுதினார்: எனக்காக யோசிக்கவா மைல்ஸைத் தேர்ந்தெடுத்தேன்? நான் சொன்னதைச் செய்யத்தான்! கட்சி என்று ஒன்று வந்த பிறகு எலெக்டர் யார் என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. 1804-ல் வந்த பன்னிரண்டாவது திருத்தமே கட்சிகள் அதிபருக்கும் துணை அதிபருக்கும் சேர்த்து ஆள் நிறுத்தும் நடைமுறையை ஏற்று எழுதப்பட்டதுதான்.

இனி உங்கள் 2016. டிரம்ப்புக்கு 306 எலெக்டர்கள். அவரைப் பெரும்பான்மைக்கு வேண்டிய 270-க்குக் கீழே இறக்க 37 பேர் மாற வேண்டும். அவர் பக்கத்தில் ஓட்டை மாற்றிப் போட்டவர்கள் உங்கள் டெக்சாஸ்காரர்கள் இரண்டே பேர். அந்த வருடம் எண்ணிக்கையில் சேர்ந்த மாற்று ஓட்டுகள் மொத்தம் ஏழு. மிச்ச ஐந்தும் தோற்ற ஹிலாரியின் பக்கத்திலிருந்து போனவை! வாஷிங்டன் மாநிலத்தில் மூன்று பேர் குடியரசுக் கட்சிக்காரரான முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவலுக்கும் ஒருவர் பூர்வகுடிச் செயல்பாட்டாளர் பெயித் ஸ்பாட்டட் ஈகிளுக்கும் போட்டார்கள், ஹவாயில் ஒருவர் பெர்னி சாண்டர்ஸுக்கு. பவலுக்குப் போட்டதில் ஒரு கணக்கு இருந்தது. நாங்களும் விட்டுக்கொடுக்கிறோம், நீங்களும் ஒரு பொதுவான குடியரசுக் கட்சிக்காரருக்கு வாருங்கள் என்று எதிர்ப்பக்கத்தை அழைக்கும் முயற்சி அது. அவர்கள் சுயநலத்துக்காகச் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதே வாஷிங்டன் மாநிலத்தில் ஹிலாரிக்கு ஓட்டுப் போட்ட சியாட்டில்காரரிடம் இதற்கு யார் அனுமதி கேட்டார்கள்?

37 பேர் மாறும் நாள் வராது என்று விட்டுவிடலாம். எனக்குப் பயம் 2000 மாதிரியான வருடங்கள்தான். புஷ்ஷுக்கு அப்போது 271. இரண்டே பேர் கை மாறியிருந்தால் யாருக்கும் பெரும்பான்மை கிடையாது, முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும். அந்த வருடமே புஷ்ஷை எதிர்த்து நின்ற கோர் பக்கத்து டி.சி. எலெக்டர் ஒருவர், தங்கள் நகரத்துக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டுரிமை இல்லாததைக் கண்டித்துச் சீட்டை வெறுமையாக விட்டார். அவர் ஓட்டால் முடிவு மாறவில்லை, அதனால் அது அழகான எதிர்ப்பாகத் தெரிகிறது. அதே மனசாட்சி மறுபக்கத்து இரண்டு பேருக்கு வந்திருந்தால்? மனசாட்சியா மிரட்டலா பணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோடிக்கணக்கானவர்களை விலைக்கு வாங்க முடியாது, இரண்டு பேரை முடியும்.

செனட்டர் ஒருவர் நம்மை ஏமாற்றினால் அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். எலெக்டரின் வேலையோ டிசம்பரில் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் அவர் பெயர் ஓட்டுச்சீட்டில்கூட இருப்பதில்லை. பெயரே தெரியாதவருக்கு மக்களை மீறும் உரிமையை எப்படிக் கொடுப்பது?

உங்கள் வாதத்துக்கு ஒரு விஷயத்தில் பலம் உண்டு. எலெக்டர் வாக்குறுதிப்படிதான் போட வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் எங்கேயும் இல்லை. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, மாநிலங்கள் எலெக்டர்களைக் கட்டுப்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. நீதிபதி எலினா கேகனின் தீர்ப்பு, இருநூறு வருட வழக்கத்தையும் பெரிய ஆதாரமாக வைத்தது. 1787-ல் அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதை மட்டும் பார்த்தால் உங்கள் வாதம் தீர்ப்பு ஒப்புக்கொள்வதைவிட வலுவானது என்றே நினைக்கிறேன். அப்புறம், தீர்ப்பு கட்டுப்படுத்தலாம் என்றுதான் சொன்னது. சட்டம் போடாத மாநிலங்களில் எலெக்டரைத் தடுக்க இன்றும் ஒன்றுமில்லை.

வேட்பாளர் இறந்தால்? இதில் நான் உங்களோடு இருக்கிறேன். 1872-ல் கிராண்டிடம் தோற்ற ஹொரஸ் கிரீலி, எலெக்டர்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்பே நவம்பர் 29-ல் இறந்துபோனார். அவர் பக்கத்து 66 பேரில் 63 பேர் வேறு பெயர்களுக்குப் போட்டார்கள். மூன்று பேர் இறந்தவருக்கே போட, நாடாளுமன்றம் அவற்றை எண்ண மறுத்துவிட்டது. கேகனும் ஒரு அடிக்குறிப்பில், இறந்த வேட்பாளரோடு எலெக்டர்களைக் கட்டிப்போட இந்தத் தீர்ப்பு அனுமதிப்பதாகக் கொள்ள வேண்டாம் என்கிறார். ஆனால் இது மக்களை மீறுவது ஆகாது. மக்கள் கேட்டவர் இல்லாதபோது அவர்களுக்கு நெருக்கமானவரைத் தேடுவது.

பிறகு அங்கே மனிதர் எதற்கு என்கிறீர்கள். தேவையே இல்லை. ஓட்டுக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு எலெக்டர் பதவியை மட்டும் எடுத்துவிடலாம் என்று அதிபர் லிண்டன் ஜான்சன் 1965-லேயே கேட்டார். அதற்கு அரசியல் சாசனத் திருத்தம் வேண்டும், 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நடக்கவில்லை.

அதுவரைக்கும் செய்யக்கூடியது, மீறும் ஓட்டை எண்ணாமல் விட்டு அந்த இடத்தில் மாற்று ஆளை உட்காரவைப்பது. கொலராடோ 2016-ல் அப்படித்தான் செய்தது. வாஷிங்டன் மாநிலமோ அந்த நான்கு ஓட்டுகளையும் எண்ணவிட்டு, பிறகு ஆளுக்கு ஆயிரம் டாலர் அபராதம் போட்டது. ஆயிரம் டாலர் இருப்பவர் யாரும் மீறலாம் என்று விலைச்சீட்டு ஒட்டியது மாதிரி ஆகிவிட்டது. 2019-ல் அவர்களே சட்டத்தை மாற்றி, மீறுபவரை நீக்கி வேறொருவரை அமர்த்தும் வழிக்கு வந்துவிட்டார்கள்.

அன்புடன்.