தள்ளும் கொடி, இழுக்கும் புல்

கேள்வி: மேற்குக் கென்யாவில் மருந்தடிக்காமலே மக்காச்சோளத்தில் தண்டுத்துளைப்பான் புழுவையும், பயிர்வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் (ஸ்ட்ரைகா) களையையும் அடக்குகிறார்களாமே, எப்படி?

பதில்: 'புஷ்-புல்', அதாவது 'தள்ளு-இழு' என்கிற முறைதான். நைரோபியிலுள்ள இசிபி பூச்சியியல் ஆய்வு மையமும் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையமும் கென்ய வேளாண் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கியது. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனக்கொடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். கொடியின் வாசனை தாய் அந்துப்பூச்சிக்கு ஆகாது. புல்லின் வாசனை இழுக்கும். அங்கே போய் முட்டையிடும். பொரிந்த புழு தண்டைக் குடைந்ததும் புல் பசைபோல் ஒரு சாற்றைக் கசியவிடும். பெரும்பாலான புழுக்கள் அதோடு சரி.

சுடுமல்லிக்கு வைத்தியம் மண்ணுக்கடியில். டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும். ஆனால் முளையைப் பயிர்வேரில் ஒட்டவிடாது. பற்ற இடமில்லாமல் முளை மடியும். பல ஆண்டுகளாக மண்ணில் உறங்கும் விதைகள் பருவத்துக்குப் பருவம் குறைவது இதனால்தான். கையால் பிடுங்குவதில் இந்தப் பலன் இல்லை: களை தலைகாட்டும் முன்பே பயிரை உறிஞ்சியிருக்கும்.

கேள்வி: நடவு அளவுகள் என்ன? எங்கே தவறு நேர்கிறது?

பதில்: மழை தொடங்கும்போதே நேப்பியரை ஊன்றிவிட வேண்டும். சுற்றிலும் 3 வரிசை. வரிசைக்கு வரிசை 75 செ.மீ., கரணைக்குக் கரணை 50 செ.மீ. புல்லுக்கும் முதல் மக்காச்சோள வரிசைக்கும் 1 மீட்டர். மக்காச்சோளம் 75-க்கு 30 செ.மீ. அதன் வரிசைகளுக்கு நடுவே குச்சியால் 1 முதல் 2 செ.மீ. ஆழத்துக்குக் கோடு கீறி, ஏக்கருக்கு 1 கிலோ டெஸ்மோடியம் விதையை நுண்மணலில் கலந்து தூவி, லேசாக மண் தள்ளினால் போதும்.

கெடுவது இரண்டு இடத்தில். விதை பொடிசு, ஆழமாகப் புதைந்தால் வராது. முளைத்த பிறகும் மெல்ல வளரும். 3-ஆம், 5-ஆம் வாரக் களையெடுப்பில் கவனமில்லாதவர் கையில் களையோடு களையாகப் போய்விடும். ஒருமுறை பிடித்துவிட்டால் பல பருவம் நிற்கும், உழுதுவிடக் கூடாது. அடுத்த விதைப்புக்கு முன் கொடியைக் கத்தரித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் இளம்பயிர் மேல் ஏறும்.

கேள்வி: மழை குறைந்த பகுதிகளில்?

பதில்: வறட்சி தாங்கும் பச்சையிலை டெஸ்மோடியமும், நேப்பியருக்குப் பதிலாக பிராக்கியாரியா முலாட்டோ 2 புல்லும்.

கேள்வி: மாடு இல்லாதவருக்கும் இது கட்டுப்படியாகுமா?

பதில்: தீவனத்தை விற்க வழியிருந்தால் ஆகும். முதல் பருவ உழைப்பு அதிகம். அதை ஈடுகட்டுவது பால் மாடுதான் என்பது என் கணிப்பு. நேப்பியர் 3 மாத வயதில் அல்லது 1 மீட்டர் உயரம் தாண்டியதும் அறுவடைக்கு வரும். பயிரையொட்டிய உள்வரிசையை முதலில் அறுங்கள், 10 செ.மீ. கட்டை நிற்கட்டும். மூன்று வரிசையையும் ஒரே நாளில் வழித்தால் அந்துப்பூச்சிக்கு மக்காச்சோளம்தான் மிச்சம். அறுவடை முடிந்த வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டால் டெஸ்மோடியம் போயிற்று. வெட்டித்தான் போட வேண்டும்.

இலை மஞ்சளித்து, தூர் குட்டையாகிக் கொத்துக்கொத்தாகக் கிளைத்தால் அது நேப்பியர் குட்டை நோய். தத்துப்பூச்சி பரப்புகிறது. தூரோடு பிடுங்கி அழியுங்கள். அந்தக் குத்திலிருந்து கரணை எடுக்காதீர்கள்.