18 இன்ச் சக்கரத்துக்கு எந்த ஸ்பிரிங்?

ஜெர்மனிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 7 கார் ஒன்று வாங்கியிருக்கிறேன், முந்தைய ஓனர் 16 இன்ச்சை எடுத்துவிட்டு 18 போட்டிருக்கிறார், ஆனாலும் சக்கரத்துக்கு மேலே கையை விடும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது, வண்டியை 30 மி.மீ. கீழே இறக்கும் ஸ்பிரிங் போடவா 50 போடவா என்று கேட்டிருந்தீர்கள். 30 போடுங்கள் தம்பி. அதையும் உடனே ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

18 போட்டும் இடைவெளி அடையாததற்குக் காரணம் எளிது. 205/55 ஆர்16 டயரின் மொத்த உயரம் சுமார் 632 மி.மீ., 225/40 ஆர்18 டயருக்கு 637. ரிம் பெரிதானதே தவிர சக்கரம் வளரவில்லை. அகலம்தான் வளர்ந்திருக்கிறது. ஒரிஜினல் ரிம் 6.5ஜே ஈடி46 என்றும், இப்போதிருப்பது 8ஜே ஈடி45 என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (ஸ்போக்கின் உள்பக்கம் பொறித்திருக்கும்; ஜே-க்கு முன்னால் இருப்பது இன்ச்சில் ரிம்மின் அகலம், ஈடி என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம், மி.மீ.-இல்). ரிம்மின் விளிம்பு வெளிப்பக்கம் 20 மி.மீ. தள்ளி வந்துவிடுகிறது, உள்பக்கம் 18 மி.மீ. ஷாக் அப்சார்பரை நெருங்குகிறது. வண்டி கீழே இறங்கும்போது மட்கார்டின் மடிப்பு இந்த 20 மி.மீ. மேல்தான் வந்து உட்காரும்.

50 வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் ஷாக். ஒரிஜினல் ஷாக்கில் 50 மி.மீ. இறக்கினால் தண்டு எப்போதும் கூடுதலாக உள்ளே அமுங்கியே கிடக்கும், சின்னப் பள்ளத்துக்கும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். 113 மி.மீ. இருந்த டயர் பக்கச்சுவரும் 90 ஆகிவிட்டது. மெத்தையும் மெலிந்து ஸ்பிரிங்கும் குட்டையானால் மிச்ச அடி முதுகுக்குத்தான்.

விளம்பரத்தில் போடும் 30 என்பது சாதாரண சஸ்பென்ஷனிலிருந்து அளந்த கணக்கு. உங்கள் வண்டி கம்பெனியிலேயே 15 மி.மீ. இறங்கி வரும் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் என்றால், கண்ணுக்குத் தெரியப்போவது இன்னொரு 15 மட்டுமே. கோல்ஃப் 7-இல் பவர் குறைந்த என்ஜின்களுக்குப் பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்), மற்றவற்றுக்கு மல்டி லிங்க் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கைகள்). இரண்டுக்கும் ஸ்பிரிங் வேறு. ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

சரி, இந்த ஊரில் ஸ்பிரிங்கை விடப் பெரிய விஷயம் காகிதம். நான் வந்த புதிதில் ஒருவரிடம் பழைய ஸ்பிரிங் வாங்கினேன். அதற்கான டைலேகுட்டாக்டன், அதாவது பரிசோதனைச் சான்று, கூடவே இருந்தது. எடுத்துப் படிக்கத்தான் இல்லை. அது பெட்ரோல் வண்டிக்கானது, என்னுடையது டீசல். என் வண்டிப் பதிவுச் சான்றில் 8.1-க்கு நேரே இருந்த முன் அச்சுச் சுமை, அந்தச் சான்று அனுமதித்ததை விட அதிகம். பரிசோதகர் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டார். மாட்டிய கூலியும் போச்சு, கழற்றிய கூலியும் போச்சு.

உங்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி கூட. கடையில் வாங்கும் பல ரிம்களின் சான்று, சஸ்பென்ஷன் ஒரிஜினலாக இருக்கும்வரைதான் தனியாகச் செல்லும். ஸ்பிரிங்கின் சான்றும் வேறு ரிம் இருந்தால் கூடுதல் நிபந்தனை போடும். இரண்டையும் சேர்த்து டூஃப், டெக்ரா மாதிரி வாகனப் பரிசோதனை நிலையத்தில் காட்டிப் பதிந்தாக வேண்டும். பதியாமல் ஓட்டினால் வண்டியின் அனுமதியே ரத்தாகலாம், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் தோண்டுவார். அதனால் ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஸ்பிரிங் கம்பெனிகளின் சான்றை அவர்களுடைய தளத்தில் இறக்கி, ரிம் சான்றையும் எடுத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன்பே பரிசோதகரிடம் போய்க் கேளுங்கள். முகம் சுளிக்கமாட்டார்கள், மாட்டிய பிறகு வருகிறவர்களைப் பார்த்துத்தான் சுளிப்பார்கள்.

இரண்டாம் முறை நான் போனபோது, ஒரு முன் சக்கரத்தையும் எதிர் மூலைப் பின் சக்கரத்தையும் மேடையில் ஏற்றி, ஸ்டீயரிங்கை ஒடிக்கும் வரை ஒடிக்கச் சொன்னார். அப்புறம் டயருக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவே விரலை விட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். விரல் நகர்ந்தது, கையெழுத்து விழுந்தது.

மாட்டுவதை மட்டும் வீட்டு வாசலில் செய்யாதீர்கள், அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் கை போய்விடும். மாட்டியதும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். 16 இன்ச் செட் கிடைத்தால் விண்டர் டயருக்கு வாங்கிப் போட்டுவையுங்கள்.

இப்போதைக்கு உங்கள் பதிவுச் சான்றில் 8.1, 8.2-க்கு நேரே இருக்கும் முன், பின் அச்சுச் சுமைகளையும் ரிம்மில் பொறித்திருப்பதையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.