சி நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்ததும் பிழைகள் குவிகின்றன, எங்கிருந்து திருத்துவது?

ஒரே கோப்பில் ஒழுங்காக ஓடிய சி நிரலை மூன்று கோப்புகளாகப் பிரித்ததும் திரை முழுக்கப் பிழைகள் வருவதாகவும், எதை முதலில் திருத்துவது என்று புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு உடனே மறுபடியும் கம்பைல் செய்யுங்கள். மற்றவற்றை அதுவரை படிக்கவே வேண்டாம்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவிலுள்ள கல்லூரி மாணவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வருவார்கள். சென்ற மாதம் ஒரு மாணவி 27 பிழைகளோடு வந்தார். கடைசிப் பிழையிலிருந்து மேல்நோக்கித் திருத்தத் தொடங்கியதால், சரியாக இருந்த வரிகளையும் கலைத்துவிட்டிருந்தார், பாவம். 'அன்நோன் டைப் நேம் மார்க்ஸ்', அதாவது மார்க்ஸ் என்ற வகை தெரியவில்லை என்பதே மீண்டும் மீண்டும் வந்தது. மேலே போய் முதல் செய்தியைப் பார்த்தோம். அது பிரிண்ட்.ஹெச் என்ற ஹெடர் கோப்பின் (மற்ற கோப்புகளுக்குத் தேவையான அறிவிப்புகளைக் கொண்ட கோப்பு) முதல் வரியைச் சுட்டியது. அந்த வரியிலோ ஒரு குறையும் இல்லை. அதற்கு முன்னால் இன்க்ளூட் செய்யப்பட்ட மார்க்ஸ்.ஹெச் கோப்பின் இறுதியில், மார்க்ஸ் வகையை வரையறுக்கும் டைப்டெஃப் ஸ்ட்ரக்ட் முடியும் இடத்தில் செமிகோலன் (;) விடுபட்டிருந்தது. இன்க்ளூட் என்பது ஒரு கோப்பின் வரிகளை அப்படியே அந்த இடத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் என்பதால், கம்பைலர் செமிகோலனை எதிர்பார்த்தபடியே அடுத்த கோப்புக்குள் நுழைந்து, அங்கிருந்த முதல் சொல்லில் முட்டிக்கொண்டது. அந்த ஒரு செமிகோலனை வைத்ததும் 27 பிழைகளும் மறைந்தன. ஆகவே, சுட்டப்பட்ட வரி சரியாக இருந்தால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். அது வேறொரு ஹெடர் கோப்பில் இருந்தாலும் விடாதீர்கள்.

அடுத்து, பேசுவது கம்பைலரா (ஒவ்வொரு .சி கோப்பையும் தனித்தனியே மொழிபெயர்ப்பது) லிங்கரா (அவற்றை ஒரே நிரலாக இணைப்பது) என்று பிரித்தறிய வேண்டும். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்தால் அது லிங்கரின் குரல். நிரலின் இலக்கணத்தில் பிழை தேடிப் பயனில்லை, ஏதோ ஒன்றின் உடல் கிடைக்கவில்லை என்பதே பொருள். ஹெடரை இன்க்ளூட் செய்தால் ஃபங்ஷனின் அறிவிப்பு மட்டுமே கிடைக்கும். அதன் உடல் இருக்கும் .சி கோப்பையும் ஜிசிசி (சி கம்பைலர்) கட்டளையில் சேர்த்தாக வேண்டும். லினக்ஸில் ஸ்கொயர் ரூட் போன்ற கணித ஃபங்ஷன்களுக்கு இதே செய்தி வந்தால், கட்டளையின் கடைசியில், கோப்புப் பெயர்களுக்குப் பின்னால், மைனஸ் எல்எம் (-lm) என்று சேருங்கள். முன்னால் வைத்தால் பல கணினிகளில் வேலை செய்யாது.

'மல்டிபிள் டெஃபினிஷன்' (ஒரே பெயர் பல கோப்புகளில் வரையறுக்கப்பட்டிருக்கிறது) என்பது பெரும்பாலும் ஹெடரில் குளோபல் வேரியபிளை, அதாவது எந்த ஃபங்ஷனுக்குள்ளும் அடங்காத வேரியபிளை, வைத்ததன் விளைவு. 2020-ல் வெளிவந்த ஜிசிசி 10-க்கு முன்பு, தொடக்க மதிப்பு தராத வேரியபிள்களை இப்படி வைத்தாலும் நிரல் ஓடிவிடும். அதனால்தான் கல்லூரியின் பழைய கணினியில் ஓடும் இப்படிப்பட்ட நிரல் புதிய மடிக்கணினியில் நின்றுவிடலாம். நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை. ஹெடரில் எக்ஸ்டர்ன் (இது வேறிடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சொல்) என்று அறிவித்துவிட்டு, வேரியபிளை ஏதாவது ஒரு .சி கோப்பில் மட்டும் எழுதுங்கள்.

எந்தக் கோப்பை எப்படிக் கம்பைல் செய்வது என்று எழுதிவைக்கும் மேக்ஃபைலைப் பயன்படுத்தினால், 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்ற செய்திக்குக் காரணம் அநேகமாக டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருப்பதுதான். ஹெடரைத் திருத்தியும் பழைய நடத்தையே தொடர்ந்தால், அந்த ஹெடரின் பெயர் மேக்ஃபைலின் சார்புப் பட்டியலில் (எவை மாறினால் மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டும் என்ற பட்டியல்) இருக்கிறதா என்று பாருங்கள்.