வரி கொடுக்காத வீடு

வணக்கம் ஐயா,

என் அப்பா வங்கி ஊழியர், கோவைக்காரர். எனக்கு ஏழு வயதானபோது மேலூருக்கு மாற்றலானார். 1994 முதல் 2004 வரை அங்கே இருந்தோம். நான் 'ஏனுங்க' என்று ஆரம்பித்தாலே வகுப்பு சிரிக்கும். பத்தாம் வகுப்பு முடியும்வரை எனக்குப் பெயரே 'கோயமுத்தூரு'தான். ஒரு வருடம் எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் முளைப்பாரி எடுக்க வேண்டும் என்று என் தங்கை ஆசைப்பட்டாள். "வரி குடுக்குற வீட்டுப் பிள்ளைகதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று அவள் அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. அந்த ஊர் எங்களைக் கடைசிவரை ஏற்கவில்லை. அங்கே பிறந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த ஊர். மதுரைப் பக்கத்து ஆட்களே முரடர்கள் என்று அப்பா சொல்வார். இப்போது பெங்களூரில் இருக்கிறேன். மகனுக்கு எட்டு வயது. அவனும் என்னைப் போலவே ஊர் இல்லாதவனாக வளர்கிறான். வேலையை விட்டுவிட்டுக் கோவைக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். ஒரு குழந்தைக்குச் சொந்த ஊர் என்று ஒன்று வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் தங்கைக்காக முதலில் வருந்துகிறேன். முளைப்பாரிக்குக் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு சிறுமியின் துயரம் சின்ன விஷயம் இல்லை. ஊறவைத்த பயறை ஓட்டில் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலமானால் சுற்றி நின்று கும்மியடித்து வளர்ப்பார்கள். அந்த நாட்களில் தெருவில் இருக்கும் பெண்பிள்ளைகள் வேறு எதையும் பேச மாட்டார்கள். அந்தப் பேச்சுக்கு வெளியே ஒரு குழந்தை நின்றிருக்கிறது. அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, என் அன்பைச் சொல்லுங்கள்.

மற்றபடி, வரும் கடிதங்களில் பலவற்றுக்கு நான் பதில் எழுதுவதில்லை. இதற்கு எழுதக் காரணம் அந்த 'வரி குடுக்குற வீடு'. சில வாரங்களாக அதே நினைப்பில்தான் இருக்கிறேன். புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்களைக் கோயில் வரியில் சேர்ப்பதா வேண்டாமா என்று தன் ஊரில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஒரு நண்பர் சொல்லிக்கொண்டிருந்தார். இரவு ஒரு மணிவரை பேசியும் முடிவாகவில்லையாம்.

உங்களுக்கு அந்த வரியின் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, அதாவது ஒரு வரி. மகனுக்குக் கல்யாணமானால் இன்னொரு தலைக்கட்டு. சில ஊர்களில் கணவனை இழந்தவளுக்கு அரை வரி. வரி கொடுத்தால் கிடா வெட்டியதில் பங்கு உண்டு, கூட்டத்தில் வாய் திறக்கலாம், வீட்டுப் பெண் முளைப்பாரி எடுக்கலாம். வெளியூர்க்காரர் பணம் கொடுத்தால் அது நன்கொடை. அதற்கு வேறு நோட்டு. ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், துண்டு போடுவார்கள், அதோடு சரி.

என் அப்பா அந்த இரண்டாவது நோட்டில் இருந்தவர். அவர் தபால் நிலைய அதிகாரி. எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் வளர்ந்தது மேலூருக்குத் தெற்கே ஓர் ஊரில். பெயரை எழுத மாட்டேன், அங்கே எனக்கு வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் "போஸ்ட் மாஸ்டர் ஐயா அவர்கள் அன்பளிப்பு" என்று மைக்கில் கேட்கும். ஒரு வருடம் அப்பா, நாங்களும் இங்கேதானே இருக்கிறோம், வரியாகவே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஊர்ப் பெரியவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். "வரி வாங்கினா நாளைக்குப் பங்கும் குடுக்கணும் சார். மாத்தலாகிப் போற ஆளுக்கு எதுக்கு அது?" அப்பாவுக்கு முகம் வாடிப்போனது. எனக்கு இன்றைக்கும் அந்தப் பெரியவர் மேல் கோபமில்லை. ஊர் என்றால் என்ன என்பதை ஒளிக்காமல் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். ஊர் என்பது பங்கு. அன்பும் பாசமும் அதற்குள்ளே உண்டுதான், ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு முதலில் முடிந்துவிடுகிறது.

'ஏனுங்க'வுக்குச் சிரித்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எல்லா ஊர் வகுப்பும் சிரிக்கும். நானும் 'அங்கிட்டு இங்கிட்டு' பழகும்வரை அடி வாங்கியவன்தான். மதுரைப் பக்கத்து ஆட்கள் முரடர்கள் என்ற உங்கள் அப்பாவின் கருத்துக்குப் பதில் எழுத விருப்பமில்லை. பத்து வருடம் ஓர் ஊரில் சோறு தின்றவர் அப்படிச் சொல்லக் கூடாது.

நான் நின்றுவிட்ட இடம் வேறு. 'அங்கே பிறந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த ஊர்' என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்., இதை எப்படி எழுதினீர்கள்?

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். பெரியாறு வாய்க்கால் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் நனைக்கும், அதற்குக் கீழே எங்கள் மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். அந்த ஒரு போகத்துக்கும் தண்ணீர் வந்தால்தான் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் திறப்பது அரசாங்கத்தின் வேலை. கண்மாய் நிறைந்த பிறகு மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று பாய்ச்சுவது இவர் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வரப்பில் நடந்து போவார். எந்த வயல் மேடு, எது பள்ளம், எதில் தண்ணீர் நிற்காமல் ஓடும் என்பது வயல்காரனைவிட அவருக்குத்தான் தெரியும். அடைமழையில் உபரி நீர் வழியும் கலுங்கைத் தாண்டித் தண்ணீர் போகும்போது கரை தாங்குமா என்று விடிய விடியக் காவல் இருப்பவரும் அவர்தான். அறுவடையானால் களத்தில் நெல்லாக அளப்பார்கள். அதுதான் கூலி.

அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அந்த வேலை அவருக்குக் கிடைத்ததே அதனால்தான். நம் ஏரிப் பாசனத்தில் நீர்பாய்ச்சிகளாக, நீர்க்கட்டிகளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நிலம் உள்ளவன் கையில் மடையைக் கொடுத்தால் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வான். நிலமே இல்லாதவன் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ய மாட்டான். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். எவ்வளவு தெளிவான ஏற்பாடு என்று பாருங்கள். ஊரின் உயிர் ஒருவர் கையில். அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய பாட்டன் முப்பாட்டன் பிறந்ததும் அங்கேதான். ஆனால் எதிலும் பங்கு இல்லை. என் அப்பாவின் காசை நன்கொடை நோட்டிலாவது எழுதினார்கள். அவர் பெயர் எந்த நோட்டிலும் கிடையாது. சாமி தேர் அவர் தெருவுக்குப் போகாது.

நான் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவேன். வயதானவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். என் வயதுப் பையன்கள் அவரைப் பேர் சொல்லி, 'வா, போ' என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் கூட்டாளி ஒருவன் வீட்டுத் திண்ணையில் இருந்தபோது அவர் தெருவில் போனார். நான் "தாத்தா" என்று கத்தினேன். கூட்டாளியின் அப்பத்தா என் தோளைப் பிடித்து இழுத்து, "அவனை எதுக்குய்யா தாத்தாங்குற, பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றாள். அந்த அப்பத்தா என்மேல் உயிராக இருந்தவள், கேப்பைக் களி ஊட்டிவிட்டவள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் கண்மாய்க் கரையில் பார்த்தபோது தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, தாத்தான்னு இங்க வச்சுக் கூப்பிடுங்க. ஊருக்குள்ள வேணாம்."

கூப்பிடுங்க. எனக்கு அப்போது ஒன்பது வயது. அறுபது வயது மனிதர் எனக்கு 'ங்க' போடுகிறார். நான் வந்து சில வருடம்கூட ஆகாத வெளியூர்ப் பையன். யாருடைய ஊர் அது?

நீங்கள் மேலூரில் இருந்த காலத்தைக் கடிதத்தில் சரியாகக் குறித்திருக்கிறீர்கள். 1997 ஜூன் 30 அன்று உங்களுக்குப் பத்து வயது. மேலவளவு பக்கத்திலேயே இருக்கிறது. தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட தனித்தொகுதியான அந்த ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இன்னும் ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், இந்த ஊராட்சிகளில் தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காகவே 1996லிருந்து 2006 வரை தேர்தலை நடக்கவிடாமலோ, ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்யவைத்தோ காலத்தைக் கடத்தினார்கள். நீங்கள் மேலூரில் இருந்த பத்து வருடத்தில் எட்டு வருடம் இதற்குள் அடங்கிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் இதில் ஒரு சொல்கூட இல்லை. பத்து வயதுப் பையனிடம் நான் இதைக் கேட்கவில்லை. இப்போது உட்கார்ந்து யோசித்து, 'அந்த ஊர் எங்களை ஏற்கவில்லை' என்று எழுதும் பெரிய மனிதரிடம் கேட்கிறேன். ஏற்றிருந்தால் உங்களை எங்கே வைத்திருப்பார்கள்? வீடு வாடகைக்குக் கேட்டுப் போனபோது உங்கள் அப்பாவிடம் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டிருப்பார்களே, ஞாபகம் இல்லையா? அந்தக் கேள்விக்கு வீடு கிடைக்கிற பதில் உங்கள் அப்பாவிடம் இருந்தது. வங்கி வேலையும் இருந்தது. ஒரு மாற்றல் உத்தரவு வந்ததும் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். கிளம்ப முடியாதவர்கள் அங்கேயே இருந்தார்கள். அந்நியன் என்ற சொல்லை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு எதைக் கொடுப்பீர்கள்?

கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் தனிமையைப் பொய் என்று சொல்லவில்லை. பொங்கல் விடுமுறையில் எல்லா வீட்டிலும் அத்தை மகன், மாமன் மகள் என்று வந்து இறங்குவார்கள். பேச்சு, சண்டை, சீட்டாட்டம். மாட்டுப்பொங்கலன்று எல்லோரும் மஞ்சுவிரட்டுப் பார்க்க வண்டி கட்டிப் போவார்கள். நம் வீட்டில் மட்டும் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் போவேன் என்று வாசலிலேயே நிற்பேன். அது எனக்குத் தெரியும். அந்த வாசலில் நின்ற பையனை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் அப்பா வருகிறார், தங்கை வருகிறாள், மகன் வருகிறான். அம்மாவைக் காணோம். அந்தப் பத்து வருடம் அவர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாணமாகி வந்த பெண்ணை அவள் பிறந்த ஊரின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். நத்தத்துக்காரி, கருங்காலக்குடிக்காரி. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவள் கருங்காலக்குடிக்காரிதான். உங்களுக்குப் பத்தாம் வகுப்போடு 'கோயமுத்தூரு' முடிந்தது. தெருவில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் சாகும்வரை வெளியூர்க்காரிகள். என் அம்மாவுக்கு அந்த ஊரில் கூட்டு சேர்ந்தது அவர்களோடுதான். ஆண்கள் வரி நோட்டைக் கட்டிக்கொண்டு அழுத காலத்தில், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி வீட்டிலிருந்து கஞ்சி வரும். அவசரத்துக்கு நகையை மாற்றிக் கொடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு மாற்றலானபோது அப்பாவுக்கு ஊர் சார்பில் மாலை போட்டார்கள். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதவர்கள் இந்த வெளியூர்க்காரிகள்.

உங்கள் அம்மா இருக்கிறார்கள் என்றால், ஃபோனில் வேண்டாம், நேரில் போய் உட்கார்ந்து கேளுங்கள். மேலூரில் நம் வீட்டுக்குள் வந்து போனவர்கள் யார் யார்? அவர்கள் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள்? பின்வாசல் வழியாக மட்டும் வந்தவர்கள் யார், ஏன்? அவர்களுக்கு எந்தத் தம்ளரில் காபி கொடுத்தோம்? கடைசிக் கேள்விக்கு அம்மா தயங்கினால் விட்டுவிடாதீர்கள்.

கோவைக்குப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை கிடைக்குமென்றால், அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் போங்கள். மகனுக்கு ஊர் வாங்கித் தருவதற்காகப் போகாதீர்கள். இப்போது நீங்கள் இருக்கும் அடுக்ககத்தில் காவலாளியும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் எந்த ஊர்க்காரர்கள் என்று அவனுக்குத் தெரியுமா? அவர்களை அவன் எப்படிக் கூப்பிடுகிறான்? அதை இந்த வாரமே கவனித்துப் பாருங்கள். அம்மா சொன்னதை எழுதி அனுப்புங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.